காப்பீடு கொடுக்காத மணி நேரங்களுக்கு மாநில மானியம் கேட்பது எப்படி?

அமெரிக்காவில் குழந்தைகள் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு ஒரு நாள் இது தலையில் விழும். "குழந்தை வதை சிகிச்சைக்கு மாநிலம் மானியம் அறிவித்திருக்கிறது. நீங்கள்தான் நன்றாக எழுதுவீர்களே, விண்ணப்பத்தைக் கொஞ்சம் பாருங்கள்." எனக்கும் அப்படித்தான் வந்தது. அதுவரை நான் வேலை இடத்தில் எழுதிய பெரிய ஆவணம் விடுப்புக் கடிதம்தான்.

அந்த முதல் விண்ணப்பம் தேறவில்லை. பத்துப் பக்கமும் குழந்தைகள் படும் பாட்டையே எழுதியிருந்தேன். மதிப்பிடுகிறவர்களுக்கு அது தெரியாதா என்ன? இந்தப் பணம் வந்தால் யார், எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்வார் என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

படி 1: பணம் எங்கிருந்து வருகிறது?

மாநிலம் கொடுத்தாலும் எல்லாம் மாநிலத்தின் சொந்தப் பணம் அல்ல. 1974-இல் வந்த காப்டா என்ற மத்தியச் சட்டம், குழந்தை வதைத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் மாநிலங்களுக்கு நிதி தருகிறது. குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான வோக்கா சட்டப்படி 1984-இல் அமைந்த நிதி இன்னொன்று. அது வரிப்பணம் அல்ல. பெரும்பாலும் மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளிகள் கட்டும் அபராதம். அபராத வசூல் குறைந்தால் மானியமும் சுருங்கும். மூன்றாவது வகை, மாநிலச் சட்டமன்றமே உருவாக்கும் திட்டம். டெக்சாஸில் 2009-இல் சட்டமான மெட்கேர்ஸ் என்ற குழந்தை வதை மருத்துவ மானியத் திட்டம் அப்படிப்பட்டது.

இது ஏன் முக்கியம்? மத்திய அரசுப் பணம் கலந்திருந்தால் யு.இ.ஐ. எண் கேட்பார்கள்; மத்திய அரசிடம் பதிவு செய்யும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் அடையாள எண் அது. 2022 ஏப்ரலில் இருந்து பழைய டன்ஸ் எண்ணின் இடத்தில் இதுதான். மருத்துவமனைக்கு அது இருக்கும். ஆனால் அந்தப் பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், அதனால் நிதிப் பிரிவில் காலாவதித் தேதியையும் கேட்டு வையுங்கள்.

படி 2: அறிவிப்பைப் பேனாவோடு படியுங்கள்

எதற்குச் செலவு செய்யலாம் என்ற பகுதியை மட்டும் மூன்று முறை படியுங்கள். மெட்கேர்ஸ் சட்டத்தில் அந்தப் பட்டியல் தெளிவாக இருக்கிறது: முழு மருத்துவப் பரிசோதனை, காயங்களை எழுத்திலும் புகைப்படத்திலும் பதிவு செய்வது, மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயிற்சி, காவல் துறைக்கும் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கும் பயிற்சி, வழக்குகளை மறுஆய்வு செய்து சாட்சி சொல்வது, வசதி குறைந்த பகுதிகளுக்கு டெலிமெடிசின், அதாவது தொலைவிலிருந்தே மருத்துவ ஆலோசனை. நீங்கள் கேட்கப்போகும் ஒவ்வொரு டாலரும் இப்படிப்பட்ட ஒரு தலைப்பின் கீழ் உட்கார வேண்டும்.

படி 3: மணி நேரத்தை எண்ணுங்கள்

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கற்பனை உதாரணம். ஐந்து மாதக் குழந்தை, காது மடலில் கன்றிய தடம். தவழக்கூடத் தொடங்காத குழந்தைக்குக் காதில் கன்றல் இருந்தால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்கார்வார். இரண்டு வயதுக்குள் என்றால் உடல் முழுவதற்கும் எலும்பு எக்ஸ்ரே, சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒன்று. இதற்கெல்லாம் பில் போடலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டோ தனியார் காப்பீடோ கொடுக்கும்.

அப்புறம் நடப்பதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்:

குழந்தையைச் சோதித்து, பெற்றோரிடம் விவரம் கேட்டது: 50 நிமிடம்
அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து, பெயரிட்டுச் சேமித்தது: 25
வேறு மருத்துவமனைகளின் பழைய குறிப்புகளைப் படித்தது: 70
குழந்தைப் பாதுகாப்புத் துறை அலுவலரோடு மூன்று அழைப்புகள்: 45
காவல் துறை விசாரணையாளரோடு பேசியது: 20
அறிக்கை: 120
பல துறையினர் கூடும் வழக்கு ஆலோசனை: 30
நீதிமன்றம், காத்திருந்ததோடு சேர்த்து: 240

மொத்தம் 10 மணி நேரம். காப்பீட்டுக்கு பில் போட முடிந்தது முதல் வரியின் 50 நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டால், மீதி 9 மணி 10 நிமிடத்தை மருத்துவமனை தன் கையில் இருந்து கொடுக்கிறது. மானியம் இந்த இடைவெளிக்குத்தான்.

இதே தாளை இருபது வழக்குகளுக்கு நிரப்பச் சொல்லுங்கள். நர்ஸ்கள் முணுமுணுப்பார்கள், முதல் வாரம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். சராசரியை வருடத்து வழக்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் உங்கள் தேவை கிடைத்துவிடும்.

கூடவே ஆள் பற்றாக்குறையையும் சொல்லுங்கள். குழந்தை வதை மருத்துவம் தனிச் சிறப்புப் பிரிவாகி, முதல் சான்றிதழ்த் தேர்வு நடந்ததே 2009-இல்தான். நாடு முழுக்கச் சில நூறு பேரே இருக்கிறார்கள். டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை). உங்கள் பகுதிக் குடும்பம் அருகிலுள்ள நிபுணரைப் பார்க்க எத்தனை மைல் ஓட்ட வேண்டும் என்ற ஒற்றை எண், இரண்டு பக்க உருக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை: சின்னக் கவுண்டியில் "3 குழந்தைகள்" என்று எழுதினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். சிறிய எண்களைப் பக்கத்துக் கவுண்டிகளோடு சேர்த்துக் காட்டுங்கள்.

படி 4: பட்ஜெட்

வருடம் 90,000 டாலர் சம்பளம் உள்ள நர்ஸின் பாதி நேரம் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். சம்பளம் 45,000, அதற்கு மேல் காப்பீடு, ஓய்வூதியம் போன்ற ஊழியர் சலுகைகள் 25 சதவீதம் என்றால் 11,250, ஆக 56,250 டாலர். சரி, கணக்கு எளிது. ஆனால் ஏற்கெனவே மருத்துவமனை சம்பளம் கொடுக்கும் நர்ஸை அப்படியே மானியத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. பழைய செலவை மானியத்தில் ஏற்றுவது பல மானியங்களில் விதிமீறல். புதிதாகச் சேரும் மணி நேரத்தை மட்டும் கேளுங்கள்.

டெக்சாஸ் அரசின் நிதியாண்டு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. ஆள் எடுத்து, பின்னணி சரிபார்த்து, பயிற்சி கொடுத்து முடிக்கவே மாதங்கள் ஓடும். முதல் வருடத்துக்கு முழுச் சம்பளம் கேட்டுவிட்டுச் செலவழிக்க முடியாமல் நிற்பதைவிட ஒன்பது மாதம் கேட்பது நல்லது. இன்னொன்று, இப்படிப்பட்ட மானியங்களில் பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், பிறகுதான் பணம் திரும்பி வரும். நிதிப் பிரிவுக்கு இதை முன்பே சொல்லாவிட்டால் பின்னால் உங்களைத்தான் பிடிப்பார்கள்.

படி 5: ஆதரவுக் கடிதங்கள்

வதைக்கு ஆளான குழந்தைகளுக்கு உதவும் குழந்தை ஆதரவு மையம், மாவட்ட அரசு வழக்கறிஞர், குழந்தைப் பாதுகாப்புத் துறை ஆகிய மூன்றும் போதும். நீங்களே மாதிரி எழுதி அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன், மூன்று கடிதங்களும் ஒரே எழுத்துப்பிழையோடு திரும்பி வந்தன.

படி 6: அனுப்புங்கள்

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள், ரசீதுப் பக்கத்தைச் சேமியுங்கள். கடைசி நேரம் எந்த நேர மண்டலப்படி என்றும் பாருங்கள்; டெக்சாஸுக்குள்ளேயே எல் பாசோ ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. விண்ணப்பம் போய்விட்டது என்று அந்த நிமிடக் கணக்குத் தாளை நிறுத்திவிடாதீர்கள். மானியம் கிடைத்தால் அறிக்கையில் கேட்கப்போவதும் அதே எண்களைத்தான்.