நியூட்ரலை மறந்தால்: வளாக மின்பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிய வகுப்பறைக் கட்டடத்தின் பேனல் அறையில் நின்றிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமான டிப்ளமோ தம்பி ஒருவர் பஸ்பார் (பேனலுக்குள் கரண்டைப் பகிரும் உலோகப் பட்டை) போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம், கரண்ட் வரும் மூன்று பேஸும் முடிந்தன. ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டார். கரண்ட் திரும்பிப் போகும் நான்காவது கம்பியான நியூட்ரலைத் தொடவே இல்லை.

"நியூட்ரல், தம்பி?"

"அதுல என்ன சார் இருக்கு, கரண்டே வராதுங்களே."

பல வருடங்களுக்கு முன்னால் இதே வார்த்தையை நான் ஒரு மூத்த வயர்மேனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மின்பராமரிப்பு என் வேலை. சப்ஸ்டேஷன், ஜெனரேட்டர்கள், ஆய்வகங்கள், விடுதிகள், போர்வெல்கள் எல்லாம் அதில் அடக்கம். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, கையுறை போடு, ஏணியைச் சரியாகச் சாய்த்து வை என்பதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். எனவே அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நியூட்ரல் சும்மா போகிற கம்பி அல்ல

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். மாணவியர் விடுதியின் மெயின் பேனலுக்குக் காலாண்டுப் பராமரிப்பு செய்தவன் நான். மூன்று பேஸ் லக்குகளையும் (கேபிள் முனையை போல்ட்டில் மாட்டும் உலோகத் துண்டு) நன்றாக முறுக்கினேன். நியூட்ரல் லிங்க், பேனலின் அடியில் கேபிள் நுழையும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. கை போக இடமில்லை. குனிந்து பார்த்தேன், கறுப்பு ஸ்லீவ் நன்றாகத்தான் தெரிந்தது. விட்டுவிட்டேன். பதிவேட்டில் 'அனைத்து இணைப்புகளும் முறுக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து, செமஸ்டர் தேர்வு நேரம். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து இடியோடு கோடை மழை இறங்கிய ஒரு சாயங்காலம். கரண்ட் போய் வந்தது. ஏழரை மணிக்கு வார்டன் அம்மா போன் செய்தார். "சார், கீழ வரிசையில லைட்டு கண்ணு கூசுற மாதிரி எரியுதுங்க. மாடியில மினுக்கு மினுக்குன்னு இருக்குதுங்க. ஃபேன் சுத்தவே மாட்டேங்குது."

ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் அதிக வெளிச்சம், இன்னொரு பக்கம் மங்கல். இதைக் கேட்ட நொடியே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் சொன்னது: "மழைங்கம்மா, லைன்ல வோல்டேஜ் ஆடும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்." 'மெயினை இறக்கச் சொல்லுங்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். கால் மணி நேரம் கழித்து வண்டியில் போய் இறங்கினால் படிக்கட்டிலேயே வார்னிஷ் கருகும் வாசனை.

டியூப்லைட் சோக்குகள், குடிநீர் சுத்திகரிப்பான்கள், மெஸ் பிரிட்ஜ், நெட்வொர்க் சுவிட்சுகள், செல்போன் சார்ஜர்கள் எல்லாம் போயின. இறுதியாண்டு மாணவி ஒருவரின் லேப்டாப்பும் போயிற்று. புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. அவர் அழவில்லை. "இதுல இருந்து எடுக்க முடியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, விடியற்காலை மூன்று மணிக்கு எடுத்துக் கொடுத்தோம். லேப்டாப் போனது போனதுதான்.

பேனலைத் திறந்தபோது நியூட்ரல் போல்ட் விரலாலேயே சுழன்றது. லக்கு கருநீலமாக வெந்திருந்தது. கறுப்பு ஸ்லீவைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அன்று நடந்தது இதுதான். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு பேஸுகளுக்கு நடுவே 400 வோல்ட். நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை ஒவ்வொரு அறைக்கும் 230 கிடைக்கும். அது விட்டுப்போனால் ஒரு பேஸில் உள்ள லோடும் இன்னொரு பேஸில் உள்ள லோடும் தொடராக மாட்டிக்கொண்டு அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. கணக்கை எளிதாக்க இரண்டு பேஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 100 வாட், மற்றதில் 400 வாட் என்றால், 100 வாட் பக்கம் சுமார் 320 வோல்ட் ஏறும், 400 வாட் பக்கம் 80 வோல்ட்தான் நிற்கும். குறைவாகப் பயன்படுத்துகிறவர்தான் அதிகமாக அடிபடுவார். மூன்று பேஸ் சேரும்போது எண்கள் மாறும், விஷயம் மாறாது.

இதில் எம்சிபி (அதிகக் கரண்ட் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது. அது கரண்டைத்தான் பார்க்கும், வோல்டேஜைப் பார்க்காது. ஃபியூஸும் அப்படித்தான். பொருட்கள் கருகி உள்ளே ஷார்ட் ஆன பிறகுதான் ஏதாவது ஒன்று விழும். அந்த விடுதிக்கு, வோல்டேஜ் ஏறினால் சப்ளையை வெட்டும் ஓவர் வோல்டேஜ் ரிலே கிடையாது. இப்போது எல்லா விடுதிகளுக்கும் போட்டிருக்கிறோம்.

'கரண்டே வராது' என்பதற்கு வருகிறேன். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும் என்று பாடத்தில் படித்தோம். குண்டு பல்புக்கும் ஹீட்டருக்கும் அது சரி. கணினி, எல்இடி விளக்கு, சார்ஜர் ஆகியவை கரண்டை ஒழுங்கான அலையாக இழுப்பதில்லை. அவற்றிலிருந்து வரும் 150 ஹெர்ட்ஸ் கரண்ட் மூன்று பேஸிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். அதனால் நியூட்ரலில் அது கழியாது, கூடும். எங்கள் கணினி ஆய்வக பேனலில், கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு பேஸிலும் சுமார் 40 ஆம்பியர், நியூட்ரலில் 52. அந்தத் தம்பியின் கையிலேயே டெஸ்டரைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். இரண்டு முறை அளந்தார்.

இந்த நிலையில் மூன்றரை கோர் கேபிள் வாங்குகிறோம். பேஸ் 70 சதுர மில்லிமீட்டர் என்றால் நியூட்ரல் 35. பேஸ் 120 என்றால் நியூட்ரல் 70. மோட்டாருக்குப் போகும் கேபிளுக்கு அது பொருந்தும். கணினி நிறைந்த கட்டடத்துக்கு வேண்டியது, நியூட்ரலும் பேஸ் அளவுக்கே இருக்கும் நான்கு கோர் கேபிள். டெண்டர் எழுதும்போதே இதைக் கேளுங்கள். கேபிள் மண்ணுக்குள் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

நான் இப்போது செய்வது இது. அலுமினிய லக்கு சூடேறி ஆறும்போது மெல்ல நசுங்கித் தளரும். அதனால் புதிய இணைப்பை ஒரு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் சோதிக்கிறோம். சப்ளையை நிறுத்தி, லைன் கிளியர் (லைனில் சப்ளை இல்லை, வேலை செய்யலாம் என்ற அனுமதி) வாங்கி, நியூட்ரலில்தான் முறுக்க ஆரம்பிப்போம். லோடு ஓடும்போது நியூட்ரலைக் கழற்றவே கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. முறுக்கிய பிறகு சப்ளை கொடுத்து மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வோல்டேஜ் எடுத்து எழுதுவோம். 231, 229, 233 என்று வந்தால் நிம்மதி. 246, 214, 238 என்று சிதறினால், கட்டடம் இன்னும் எரியவில்லை என்றாலும் நியூட்ரல் நகர ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். சப்ளையை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சின் நான்காவது கான்டாக்டையும், அதாவது நியூட்ரலுடையதையும், திறந்து பாருங்கள். மற்ற மூன்றும் பளபளவென்று இருக்க, அது மட்டும் கருகியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு தவறு இருக்கிறது. சொத்துச் சேதத்தோடு நிற்காமல் உயிரை எடுக்கும் தவறு இது. நியூட்ரல் விட்டுப்போன கட்டடத்தில், அவசரத்துக்கு நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து லைட்டை எரிய வைப்பவர்கள் இருக்கிறார்கள். லைட் எரியும். கட்டடத்தின் கரண்ட் முழுக்க எர்த் வழியாகத் திரும்பும். எர்த் பலவீனமாக இருந்தால் பிரிட்ஜின் உடல், வாட்டர் கூலரின் குழாய், லேத்தின் கைப்பிடி எல்லாவற்றிலும் வோல்டேஜ் நிற்கும். எங்கள் அமைப்பில் நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம் சப்ஸ்டேஷனில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மட்டும்தான். கிளை பேனலில் அப்படி ஒரு ஒயர் தெரிந்தால் அந்தப் பேனலுக்குச் சப்ளை கொடுக்காதீர்கள். துணைவேந்தர் அறையே இருட்டில் இருந்தாலும் பரவாயில்லை.

பாறை தட்டியதும் எர்த் பைப்பை அறுப்பது

சேலத்து மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே பல இடங்களில் பாறை. எர்த் பைப் இரண்டரை மீட்டர் இறங்க வேண்டும். நான்கு அடியில் 'டங்' என்று தட்டியதும் மீதியை அறுத்துவிட்டு, மேலே சிமென்ட் தொட்டி கட்டி, நம்பர் எழுதிப் பெயின்ட் அடித்துப் போய்விடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் தொட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் அளந்தால் ரீடிங்கும் நன்றாகவே வரும். பங்குனியில் மண் வெடித்துக் கிடக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். அதுவும் அளப்பதற்கு முந்தின நாள் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைப் இறங்காத இடத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நீளமாகப் பள்ளம் வெட்டி எர்த் பட்டையைப் படுக்கையாகப் புதைக்கலாம். அல்லது மண் ஆழமாக உள்ள இடத்தைத் தேடிப் பைப்பை இறக்கி, அங்கிருந்து பட்டை இழுத்து வரலாம். குழி மூடுவதற்கு முன்னால் நேரில் நின்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.

நியான் டெஸ்டரை நம்புவது

டெஸ்டர் எரியவில்லை என்றால் டெஸ்டர் எரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். மல்டிமீட்டரை முதலில் சப்ளை இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் சப்ளை உள்ள இடத்தில். மீட்டர் சரியாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஈஎல்சிபியை பைபாஸ் செய்வது

கூடாது. கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச் அது. ஆய்வகத்தில் அடிக்கடி விழுகிறது என்றால் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபியில் எத்தனை கணினி மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு கணினியும் கொஞ்சம் கசியவிடும். அதெல்லாம் ஒன்று சேர்ந்துதான் தள்ளுகிறது. சர்க்யூட்டைப் பிரித்துப் போடுங்கள்.

சிலிக்கா ஜெல்

டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இவை. நீலம் ரோஜா நிறமானால் அன்றே மாற்றுங்கள்.

ஜெனரேட்டரில் கேப்பாசிட்டர்

ஜெனரேட்டர் ஓடும்போது சப்ஸ்டேஷன் கேப்பாசிட்டர் பேங்க் (பவர் ஃபாக்டரை உயர்த்த வைத்திருப்பது) தானாகவே விலக வேண்டும். லோடு குறைவாக இருக்கும் இரவில் அது ஒட்டிக்கொண்டே இருந்தால் வோல்டேஜ் கட்டுக்கு அடங்காது.

ஏற்காட்டுக்கும் சேலத்து ஜெனரேட்டர் கணக்கையே போடுவது

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிது, இன்ஜின் தரும் சக்தியும் குறையும். மலையில் உள்ள கட்டடத்துக்கு வாங்கும்போது அந்த உயரத்தில் சக்தி எவ்வளவு குறையும் என்று தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். அங்கே பனிமூட்டம் வெளிப்புற ஜங்ஷன் பாக்ஸுக்குள் தண்ணீராகக் கோத்து நிற்கும், அதையும் கவனியுங்கள்.

கேபிளை ஜாயின்ட் போடுவதற்கு முன் பேஸ் வரிசையைக் குறிக்காதது

ஒரு மே மாதம், ரோடு போடுகிறவர்களின் ஜேசிபி விளையாட்டு மைதானத்துப் போர்வெல் கேபிளை அறுத்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஜாயின்ட் போட்டோம். காலையில் மோட்டார் ஓடியது. ஆம்பியரும் பயப்படும்படி இல்லை. தண்ணீர் மட்டும் பென்சில் கனத்துக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே முடிவுதான்: 'போர் வத்திப்போச்சு.' சேலத்தில் மே மாதம் அதை யார் சந்தேகப்படுவார்கள்? மூன்று நாள் விடுதிகளுக்கு லாரித் தண்ணீர். போரை இன்னும் ஆழப்படுத்த விலை விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்காவது நாள் ஜாயின்ட் போட்ட வயர்மேன் அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். "சார், அன்னைக்கு இருட்டுல மஞ்சளும் நீலமும் மாறியிருக்குமோன்னு ஒரு சந்தேகம்." இரண்டு பேஸ் மாறினால் மும்முனை மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சப்மெர்சிபிள் தரைக்கடியில் இருப்பதால் சுற்றும் திசை கண்ணுக்குத் தெரியாது. தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதுதான் ஏமாற்றும். அறுந்த கேபிளில் மீதியிருக்கும் இரண்டு முனைகளிலும் நிறத்தைப் பார்த்து டேப் சுற்றி, ஜாயின்ட் முடிந்ததும் பேஸ் சீக்வென்ஸ் மீட்டரில் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டோம். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கீழே பேனல் அறை வரைக்கும் கேட்டது. லாரிக்காரருக்குப் போன் செய்து நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னேன்.