கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

சென்னையிலோ மதுரையிலோ முதன்முதலாகக் கடை பிடிப்பவர்கள் வாடகையைக் குறைப்பதில்தான் முழுச் சாமர்த்தியத்தையும் காட்டுகிறார்கள். பேரம் பிறகு பேசலாம். முதலில் இந்த வரிசையில் போங்கள்.

1. தெரு

காலை, மாலை, ஞாயிற்றுக்கிழமை என வெவ்வேறு நேரங்களில் போய் நில்லுங்கள். மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வருமா, முன்பு இருந்தவர் ஏன் காலி செய்தார் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை.

2. வாடகைக்கு விடுபவருக்கு உரிமை உண்டா?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பத்திர நகல், சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் காரணம் கேளுங்கள். பாகம் பிரிக்காத சொத்தில் அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. தம்பியும் போட வேண்டும்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்ற வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். கட்டடம் வங்கி அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் கேளுங்கள். கடன் தவணை நின்று வங்கி கட்டடத்தை எடுக்க வந்தால், சம்மதம் இல்லாமல் போட்ட உங்கள் ஒப்பந்தம் பெரும்பாலும் உதவாது.

பழைய கடைவீதிகளில் இன்னொரு சிக்கல், கோயில் மனை. அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயிலிடம் வாடகைக்கு எடுத்தவர் உங்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறாரா என்று விசாரியுங்கள். அனுமதியில்லாத உள்வாடகை என்றால், ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லி உங்களை வெளியேற்ற முடியும்.

கட்டட அனுமதி வரைபடத்தையும் கேளுங்கள். 2011-இல் தியாகராய நகரில் விதிமீறல் கட்டடங்களுக்குச் சீல் வைத்தபோது, உள்ளே இருந்த கடைகளும் சேர்ந்தே மூடின.

3. மின்சாரம்

வீட்டு இணைப்பில் கடை நடத்தக் கூடாது. வணிக இணைப்பு இருக்கிறதா, மும்முனையா, அனுமதித்த மின்பளு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். பேக்கரி, ஐஸ்கிரீம் கடை வைப்பவர்களுக்கு வாடகையைவிட இதுதான் முக்கியம். பளுவைக் கூட்டும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

4. பணம்

வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது தமிழகச் சட்டம். ஆனால் சென்னையில் பத்து மாதம் கேட்பது சகஜம். அந்தத் தொகை முடங்கும் என்று கணக்கில் வையுங்கள். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் கடை வாடகையோடு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும்: 40,000 ரூபாய் வாடகைக்கு 7,200. உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்யாமல், நீங்கள் வழக்கமான முறையில் (சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் அல்லாமல்) பதிவு செய்திருந்தால், 2024 அக்டோபர் முதல் அந்த வரியை நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும்.

5. ஒப்பந்தம்

2017-ஆம் ஆண்டுத் தமிழக வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் வேண்டும். இது தவிர, நீண்ட கால ஒப்பந்தத்துக்கு ஆகும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் செலவைத் தவிர்க்கப் பலர் பதினோரு மாதத்துக்கு எழுதுவார்கள். உள்அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவருக்கு அது ஆகாது. மூன்றாண்டு, ஐந்தாண்டு என எழுதிப் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு எத்தனை சதவீத உயர்வு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, அட்வான்ஸ் எப்போது திரும்பும், வெள்ளையடிப்புக்கு எவ்வளவு பிடிப்பார்கள், பெயர்ப்பலகை எங்கே மாட்டலாம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். சாவி வாங்கும் அன்று மீட்டர் அளவைப் படம் எடுத்து, பழைய மின் கட்டணப் பாக்கி இல்லை என்று உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.