புளியங்கொட்டையில ஒரு நியூக்ளியோசோம்

செல்லுக்குள்ள டிஎன்ஏ நூல் ஒரு புரத உருண்டைய சுத்தி இருக்கிற கட்டுதான் நியூக்ளியோசோம், அத செஞ்சு பாப்போம். ஆச்சி வளவுல உக்காந்து புளி கொட்டை எடுக்கும்போது எட்டு கொட்டைய மட்டும் நைசா எடுத்துக்கோங்க, ரெண்டு ரெண்டா நாலு கலர் அடிங்க, எச்2ஏ எச்2பி எச்3 எச்4, இந்த நாலு வகைப் புரதத்துக்கும் பேரு ஹிஸ்டோன். எட்டையும் உருண்டையா ஒட்டிட்டு கண்டாங்கி நெய்யுற நூல் இருந்தா (காரைக்குடி பக்கம் கிடைக்கும்) சுத்துங்க, நிஜத்துல 147 அடிஇணை (டிஎன்ஏ ஏணியோட ஒரு படி) நீள டிஎன்ஏ, மில்லிமீட்டருக்கு ஒரு படினு வச்சா 14.7 சென்டிமீட்டர், ஒண்ணே முக்கால் சுத்துக்கு கொஞ்சம் கம்மியா வரும், இடப்பக்கமா சுத்தணும், நான் முதல்ல மாத்தி சுத்திட்டேன்.

நூல் உள்ள போயி வெளிய வர்ற இடத்துல ஒரு ஊக்கு குத்துங்க, அது எச்1, நூல பிடிச்சு வைக்கிற இன்னொரு ஹிஸ்டோன்.

இப்ப எச்3 கொட்டையில குங்குமப்பொட்டு வைங்க, அதுதான் மீதைல், புரதத்துல ஒட்டுற ஒரு சின்ன வேதி அடையாளம். கடுகு குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில பூக்கறத தடுக்கிற எஃப்எல்சினு ஒரு ஜீன் இருக்கு, நீண்ட குளிருக்கப்புறம் அந்த ஜீன் இருக்கிற இடத்துல எச்3யோட 27வது அமினோ அமிலமான லைசின்ல இப்படித்தான் மீதைல் ஏறி ஜீன் மூடிக்கும், அப்புறம் செடி பூக்கும். அசிட்டைல்னு இன்னொரு அடையாளம் ஏறினா நேரெதிர், நூல தளர்த்தி விடுங்க.