நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதா? முதலில் அளந்து பாருங்கள்

வெயில் காலத்திலோ, சோற்றிலிருந்து உலர் தீவனத்துக்கு மாற்றியபோதோ நாய் கூடுதலாகக் குடிப்பது இயல்பு. அப்படி எதுவும் இல்லாமலே கிண்ணம் காலியாகிக்கொண்டே இருந்தால் அளந்துவிடுங்கள். காலையில் மி.லி. கோடு போட்ட ஜாடியால் ஊற்றி, இடையில் ஊற்றுவதையும் குறித்து, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழியுங்கள். மூன்று நாள் செய்தால் சராசரி தெரியும். குளியலறை வாளியை மூடி வையுங்கள், கணக்கு அங்கேதான் பிசகும்.

கிலோவுக்கு நாளொன்றுக்கு 50–60 மி.லி. சாதாரணம். 100 மி.லி.யைத் தாண்டினால், அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பெரும்பாலும் சிறுநீர் அதிகமாகப் போவதால்தான் தாகம் எடுக்கிறது. அதனால், வீட்டுக்குள் நனைக்கிறதே என்று கிண்ணத்தை எடுத்து வைப்பது ஆபத்து. உடலில் நீர் வற்றிவிடும்.

சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்து, நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைத்தால் சர்க்கரை நோயைச் சந்தேகியுங்கள். வயிறு தொங்கி, முடி கொட்டி, எந்நேரமும் பசித்தால் குஷிங் நோயாக (உடலில் கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறுவது) இருக்கலாம். பசி குறைந்து வாய் நாறினால் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். அரிப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் தாகத்தைக் கூட்டும். ஆனால் அதைச் சட்டென்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

கருத்தடை செய்யாத பெண் நாய், சூடு (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்த ஓரிரு மாதத்துக்குள் சோர்ந்து படுத்து நிறையக் குடித்தால் அளந்துகொண்டிருக்க வேண்டாம். கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம், சீழ் வெளியே வராமலும் இருக்கும். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மற்றபடி, மருத்துவரிடம் போகும்போது காலையில் வரும் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு போங்கள்.