விளையாட்டுப் பிள்ளை மாப்பிள்ளை ஆகும் கதை: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளின் கதைகளைச் சில வருடங்களாகப் படித்துத் தருகிறேன். பெரும்பாலும் ஒரே பையன்தான் திரும்பத் திரும்ப வருவான். இருபத்தாறு வயது. மோட்டார் தவணையை அம்மா கட்டுகிறார். சாயங்காலமானால் ஒட்டுக்கடையில், அதாவது சாலையோரச் சாப்பாட்டுக் கடையில், கூட்டாளிகள். காதலிக்கிற பெண் “எப்போ வீட்டுல பேசுவே?” என்று கேட்டால் “பாக்கலாம்லா” என்பான். இவன் கல்யாணத்துக்குத் தயாராவதுதான் கதை. எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. நம் ஊரில் இந்தப் பையன் இல்லாத தாமான் (குடியிருப்பு) கிடையாது. அதனாலேயே இவனைத் தப்பாக எழுதும்போது மனசு கேட்பதில்லை.

அதிகம் பார்க்கும் தவறு, பஸ் நிலையத்தில் திருந்துவது. அவள் சிங்கப்பூர் பஸ் ஏறப் போகிறாள். இவன் மூச்சிரைக்க ஓடி வந்து நாலு வரி பேசுகிறான். அவள் இறங்கிவிடுகிறாள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆசைப்பட்டது கையை விட்டுப் போகும்போது ஓடுவது அவனுக்குப் புதுசா என்ன? முதல் காட்சியில் பார்த்த அதே பையன்தான் இப்போதும் ஓடுகிறான். அவன் மாறியிருந்தால், அது அதற்கு முன்பே, அவள் பார்க்காத இடத்தில் நடந்திருக்க வேண்டும். ஹாலிவுட் இயக்குநர் ஜட் அபடோ 2007-இல் எடுத்த ‘நாக்ட் அப்’ படத்தில் அப்படித்தான். கர்ப்பமாக இருக்கும் அவள் பிரிந்திருக்கும் நாட்களில் அவன் கூட்டாளிகளோடு இருந்த வீட்டை விட்டு வெளியேறுகிறான், வேலை தேடுகிறான், குழந்தைக்கு இடமிருக்கும்படி ஒரு வீடு பிடிக்கிறான், வாங்கி வைத்துத் தொடாமல் விட்ட குழந்தை வளர்ப்புப் புத்தகங்களைப் படிக்கிறான். பார்க்கிற நமக்குத்தான் முதலில் தெரிகிறது, அவளுக்கு அப்புறம்தான்.

பஸ் நிலையக் கதை எழுதிய தம்பி ஒருவனிடம் இதைச் சொல்லி, ஒரே ஒரு காட்சி எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுதி வந்தான். பையன் சமையலறையில் மைலோ டின்னைத் திறக்கிறான். உள்ளே மோட்டார் தவணை ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு. எண்ணிப் பார்க்கிறான், முப்பத்தொன்று. அடுத்த மாதம் அம்மா தபால் நிலையத்தில் பணத்தை நீட்டும்போது, “இந்த மாசம் கட்டியாச்சும்மா” என்கிறாள் கவுண்டரில் இருக்கும் பெண். அம்மா வீட்டுக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணியை மேசையில் வைக்காமல் அவன் கையில் கொடுக்கிறார். அவ்வளவுதான் காட்சி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை எனக்கு.

அடுத்தது, வேலை கிடைத்தால் பொறுப்பு வந்துவிட்டது என்று எழுதுவது. எம். ராஜேஷ் இயக்கிய ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ (2010) நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அண்ணன் சம்பாத்தியத்தில் சுற்றிக்கொண்டிருந்தவன் வீட்டை விட்டு வெளியேறி டுட்டோரியல் ஆரம்பிக்கிறான். அந்தக் கதைக்கு அது சரி. நம் ஊர்க் கணக்கு வேறு. சிங்கப்பூர் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்து, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பி, தங்கச்சியைப் படிக்க வைக்கிற பையன், தேதி குறிக்கச் சொன்னால் போனை எடுப்பதில்லை. தோட்டத்தில் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை அறுத்துக் குறைந்த சம்பளம் வாங்குகிற இன்னொருவன் இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டான். இதில் விளையாட்டுப் பிள்ளை யார்?

இதில் ஒன்றைக் கவனமாகக் கையாள வேண்டும். “சொந்த வீடு வாங்கிட்டுத்தான் கல்யாணம்” என்று அவன் சொன்னால் உடனே சாக்கு என்று எழுதிவிடாதீர்கள். தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போனது. தோட்டம் கைமாறி, பெட்டி படுக்கையோடு வெளியேறிய குடும்பங்களின் பேரன்கள்தான் இந்தக் கதாநாயகர்கள். தாத்தா சாமான்களை லாரியில் ஏற்றிய கதையைக் கேட்டு வளர்ந்தவனின் பயம் நியாயமானது. அதே வாக்கியத்தை ஒருவன் பயத்தில் சொல்லலாம், இன்னொருவன் தப்பித்துக்கொள்ளச் சொல்லலாம். அவன் வீட்டுக்காகப் பணம் சேர்க்கிறானா என்று ஒரு காட்சியில் காட்டிவிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

பெண்ணை இவனைத் திருத்தும் டீச்சராக்குவதும் வேண்டாம். அவளுக்கும் ஒரு ஆசை, ஒரு பயம், ஒரு தப்பு கொடுங்கள். வேண்டாம் என்றவளை மோட்டாரில் பின்தொடர்வதைச் சிரிப்புக் காட்சியாக எழுதவே எழுதாதீர்கள். வீட்டுக்குத் தனியாக நடந்து போகிற நம் பிள்ளைகளுக்கு அது சிரிப்பு இல்லை.

கடைசியாக, சென்னைப் படத்தைப் பார்த்து நேராகத் தாலியில் கதையை முடிப்பது. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. பதிவு கட்டாயம். தேசியப் பதிவு இலாகாவில் மனு கொடுத்தால் அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும். 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். கோயிலிலேயே பதிவையும் தாலியையும் ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. ஆனால் பலர் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பல மாதம் கழித்துத்தான் தாலி கட்டுகிறார்கள். அதுவரை சட்டப்படி புருஷன் பெண்டாட்டி, ஆளுக்கொரு வீட்டில். காதல் நகைச்சுவைக்கு இதைவிட நல்ல இடைவெளி எங்கே கிடைக்கும்? “கையெழுத்துதானே” என்று போட்டவனுக்கு, மறுநாள் ஏதோ ஒரு படிவத்தில் ‘திருமணமானவர்’ என்ற கட்டத்தைக் கறுப்பாக்கும்போது கை நிற்கும். அந்தக் கையை எழுதுங்கள்.

மைலோ டின் காட்சி எழுதிய தம்பி முழுக் கதையையும் மாற்றிவிட்டான். பஸ் நிலையம் இப்போது நடுவில் வருகிறது. அவள் இறங்கவில்லை, சிங்கப்பூர் போய்விடுகிறாள். கடைசிக் காட்சியில் இருவரும் வீடியோ காலில் இருக்கிறார்கள். அவன் கையில் மளிகைக் கடைக் காலண்டர். மனு கொடுக்க அவளுக்கு எந்த வாரம் லீவு கிடைக்கும், அங்கிருந்து 21 நாள் எண்ணினால் எந்தத் தேதி வரும் என்று பேனாவால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணுகிறான். நடுவில் தப்பாகிவிடுகிறது. முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். அவள் காத்திருக்கிறாள்.