சைக்கிளின் முன் பிரேக் எந்தக் கையில் இருக்க வேண்டும்?

சிங்கப்பூரில் ஓட்டும் சைக்கிளுக்கு முன் பிரேக் வலக்கையில் இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. இங்குச் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்டிச் சைகை காட்டும்போது இடக்கை மட்டுமே பிரேக்கில் இருக்கும். அந்த ஒரு கை பின் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிதானமாக வேகம் குறையும். முன் பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடித்துவிட்டால், ஒற்றைக் கையில் இருக்கும் ஹேண்டில்பார் திரும்பிவிடக்கூடும். மோட்டார்சைக்கிளிலும் முன் பிரேக் வலப்பக்கம்தான் என்பதால், இரண்டையும் ஓட்டுவோருக்குக் கை குழம்பாது.

எல்லா நாட்டிலும் இப்படியில்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு விதிகள் வலப்பிடிக்கு (வலக்கை அழுத்தும் பிரேக் நெம்புகோலுக்கு) முன் பிரேக்கை வகுத்திருக்க, அமெரிக்க விதிகள் வலப்பிடிக்குப் பின் பிரேக்கை வகுக்கின்றன. ஆகவே இணையத்தில் வாங்கிய சைக்கிளையோ பழைய சைக்கிளையோ ஓட்டும் முன், முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, ஒவ்வொரு பிடியாக அழுத்தி எது அதை நிறுத்துகிறது என்று பாருங்கள்.

மாற்ற வேண்டுமானால், கேபிள் பிரேக்கில் அது வீட்டிலேயே முடியும். சக்கரத்தருகே கேபிளை இறுக்கியிருக்கும் திருகை, பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் சாவியால் தளர்த்தி, இரண்டு கேபிள்களையும் பிடிகளிலிருந்து கழற்றி இடம் மாற்றுங்கள். சிக்கல் வருவது கேபிளை மூடியிருக்கும் வெளியுறையின் நீளத்தில்தான்: ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பும்போது கேபிள் இழுபட்டால், நீளமான புதிய உறை போட்டே ஆக வேண்டும். நுனி பிரிந்த கேபிளை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். புதியது விலை குறைவு. திருகை இறுக்கியபின் பலமுறை வலுவாக அழுத்துங்கள். பிடி ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது, கேபிள் நழுவவும் கூடாது. கேபிளுக்குப் பதில் குழாயிலுள்ள திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் குழாயைத் திறந்தால் காற்றை வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அதைக் கடைக்காரரிடம் விடுவது மேல்.

மாற்றியதும் நேரே பூங்கா இணைப்புப் பாதைக்குப் போக வேண்டாம். பழைய பழக்கம் கையில் இருக்கும். ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கில் படிப்படியாக அழுத்தம் கூட்டிப் பழகுங்கள். வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்தின்மேல் சாய்வதால் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு அங்கேதான். திடீரென இறுக்கினால் குப்புறத் தள்ளுவதும் அதுவே. மழையில், சக்கரத்தின் வெளி வளையத்தை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் சற்றுத் தாமதித்தே பிடிக்கும். ஈரமான சாலைக்கோடுகள்மீதும் சாக்கடையின் இரும்பு மூடிகள்மீதும் முன் பிரேக்கைத் தொடாமலிருப்பது நல்லது.

பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளுக்கு இயங்கும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது இங்குச் சட்டம். நான் இரண்டும் இருக்க வேண்டும் என்பேன். வீட்டிலுள்ள எல்லாச் சைக்கிள்களும் ஒரே அமைப்பில் இருக்கட்டும். பிள்ளைகளின் சிறிய விரல்களுக்கு எட்டும்படி, பிடியிலுள்ள சிறு திருகால் இடைவெளியைக் குறைக்கலாம். உங்கள் சைக்கிளை இரவல் கேட்பவரிடம், முன் பிரேக் எந்தப் பக்கம் என்பதை அவர் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.