சர்வாதிகார நாட்டில் கிளர்ச்சி: நம்பும்படி எழுதுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய முதல் டிஸ்டோபியக் கதையில் (கொடுங்கோல் ஆட்சியின் கீழ் வாழும் கற்பனைச் சமூகத்தைப் பற்றிய கதையில்), ஓர் இளைஞன் தலைவரின் சிலைமீது ஏறி நின்று முழக்கமிடுவான், கூட்டம் அவன் பின்னால் திரளும், ஆட்சி கவிழும். படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மறுநாள் காலையில் அவன் அம்மாவுக்கு ரொட்டி கிடைத்ததா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நாட்டில் ரொட்டியை யார் கொடுக்கிறார்கள், எந்த அட்டையைக் காட்டி வாங்குகிறார்கள், அந்த அட்டையை யார் பறிக்கலாம் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. என் கிளர்ச்சி அட்டைக்கத்தி வீச்சாகப் போனதற்கு அதுவே காரணம்.

இவ்வகைக் கதையை முதன்முறையாக எழுத முனைபவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, சோவியத் ஆதரவோடு ஒரே கட்சி ஆண்ட, 1990இல் மறைந்துபோன கிழக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்த இரகசியக் காவல்துறையான ஸ்டாசியின் கோப்புகளை, கண்காணிக்கப்பட்ட மக்களே 1992 முதல் படிக்க முடிந்ததால், ஒரு சர்வாதிகாரம் எப்படி இயங்கியது, எங்கே தளர்ந்தது என்பது மிக விரிவாக வெளிச்சத்துக்கு வந்தது. கூடவே ஒரு சிறுகதையையும் கட்டிக்கொண்டு போவோம்: பெயரில்லாத ஒரு நகரத்தின் அரசு ரொட்டிக் கிடங்கில் எடை எழுதும் ஒரு பெண்.

படி 1: விலைப்பட்டியலை எழுதுங்கள்

நாயகியைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன், அந்த நாட்டில் வாய் திறப்பவர் எதை இழப்பார் என்று எழுதிக்கொள்ளுங்கள். தொடக்க எழுத்தாளர்கள் நேராகச் சித்திரவதைக் கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். கிழக்கு ஜெர்மனியிலும் சிறைகள் இருந்தன; ஆனால் 1970களிலிருந்து ஆட்சி பெரும்பாலும் வேறு வழிகளில் வேலை செய்தது. மகளுக்கு மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்காது. பதவி உயர்வு ஏனென்று தெரியாமல் நின்றுபோகும். வெளிநாட்டில் நடக்கும் உறவினர் திருமணத்துக்குப் போக அனுமதி வராது.

1976இல் ஸ்டாசி வகுத்த ஒரு நெறிமுறை இதைத் தனிக் கலையாகவே ஆக்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ‘சிதைத்தல்’ எனலாம். ஒருவரைப் பற்றி அவதூறு பரப்புவது, வேலையில் தொடர்ந்து தோற்க வைப்பது, நண்பர்களிடையே சந்தேகத்தை விதைப்பது ஆகியவை அதில் அடங்கும். சிலர் வீட்டில் இல்லாத நேரத்தில் உள்ளே புகுந்து பொருள்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதும் உண்டு. எதுவும் திருட்டுப் போகவில்லை, துண்டு மட்டும் வேறு கொடியில் தொங்குகிறது என்று நீங்கள் யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்? சொன்னால் உங்களுக்கு மனநிலை சரியில்லை என்பார்கள்; அதுதான் அவர்களுக்கு வேண்டியதும். இரும்புக் கம்பியைவிட இடம் மாறிய துண்டு கதையில் அதிகம் பயமுறுத்தும்.

நம் எடைக்காரப் பெண்ணின் பட்டியல்: மகனுக்குத் தொழிற்பள்ளியில் இடம், கிடங்குக்குச் சொந்தமான இரண்டறை வீடு, தாயின் இதய மாத்திரை. மூன்று போதும்.

படி 2: ஆட்சிக்கும் ஆள் பற்றாக்குறை உண்டு

எல்லாவற்றையும் காணும் ஆட்சி கதைக்கு உதவாது. அதை எதிர்க்கவே முடியாது என்பதால் கதை நகராது. ஏறத்தாழ 1.6 கோடி மக்கள் வாழ்ந்த கிழக்கு ஜெர்மனியில், 1989இல் ஸ்டாசிக்கு சுமார் 91,000 முழுநேர ஊழியர்களும் 1,70,000க்கு மேற்பட்ட இரகசியத் தகவலாளர்களும் இருந்தார்கள். விசாரணைக்கு வந்தவர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து துணியில் உடல் வாசனையை எடுத்து, மோப்ப நாய்களுக்காக ஊறுகாய் ஜாடி போன்ற கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வைக்கும் அளவுக்கு முனைப்பு இருந்தது. ஆனாலும் அத்தனை தாளையும் படித்து முடிக்க ஆளில்லை. உங்கள் கதையின் கண்காணிப்பாளருக்கும் கால்வலி, வேலைச் சலிப்பு, மேலதிகாரியின் ஏச்சு எல்லாம் இருக்கட்டும்.

பிறகு ஓட்டையைத் தேடுங்கள். கிழக்கு ஜெர்மனியில் எதையும் அச்சிட அனுமதி வேண்டும். 1980இல் தேவாலய அமைதிக் குழுவினர் ‘வாளைக் கலப்பையாக்குவோம்’ என்ற சின்னத்தைத் துணியில் அச்சிட்டார்கள்; துணியில் அச்சிடுவது நெசவு வேலைக் கணக்கில் வந்ததால் அதற்கு அச்சு அனுமதி தேவைப்படவில்லை. சின்னத்தில் இருந்த உருவமோ 1959இல் சோவியத் ஒன்றியமே ஐ.நா. சபைக்கு அன்பளித்த சிலை. அதைச் சட்டையில் தைத்திருந்த மாணவனைப் பிடித்த காவலர், தன் எசமான நாட்டின் சிலையையே குற்றமென்று சொல்ல வேண்டியதாயிற்று. சின்னம் பின்னர் தடை செய்யப்பட்டது. அதை வெட்டி எடுத்த இடத்தில் இருந்த ஓட்டையோடே சிலர் மேலங்கியை அணிந்து நடந்தார்கள். ஓட்டையைத் தடை செய்ய என்ன சட்டம் இருக்கிறது?

படி 3: முதல் மீறல் ஒரு கைப்பிடி அளவு இருக்கட்டும்

கிழக்கு ஜெர்மனியில் தேர்தலுக்குப் போவதை மக்கள் ‘மடிக்கப் போவது’ என்றே கேலியாகச் சொன்னார்கள். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாலே அது ஆதரவு வாக்கு. எதிர்ப்பவர் மறைவிடத்துக்குப் போய்ப் பட்டியலில் உள்ள பெயர்கள் ஒவ்வொன்றையும் அடிக்க வேண்டும். அந்த மறைவிடத்தை நோக்கி நடக்கும் சில அடிகளை அறையில் உள்ள அனைவரும் பார்ப்பார்கள். 1989 மே 7 அன்று நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அரசு 98.85 சதவீத ஆதரவை அறிவித்தது. வாக்கு எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று சட்டத்திலேயே இருந்ததால், பல சாவடிகளில் சிலர் மாலையில் போய் ஓரமாக நின்று, வாசிக்கப்பட்ட எண்களைக் குறித்துக்கொண்டு வந்து கூட்டிப் பார்த்தார்கள். கணக்கு உதைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி கிழக்கு பெர்லினில் எதிர்ப்பு தெரிவிக்க ஆள்கள் கூடினார்கள். கூட்டல் கணக்கு போட்டவர்கள் தொடங்கி வைத்த எதிர்ப்பு அது.

இந்த அளவிலேயே நம் பெண்ணின் காட்சியையும் எழுதலாம்:

“தராசின் முள் 430 கிராமில் நின்றது. நேற்றும் அங்கேதான் நின்றது. எட்டு வருடங்களாக எழுதிவந்த 500ஐப் பதிவேட்டில் எழுதப் பேனாவை எடுத்தாள். கை 4 என்று தொடங்கியது. மிச்ச எண்களையும் எழுதி முடித்தபோதுதான், எதிர் மேசைக்காரர் தன் பேனாவை நிறுத்திவிட்டுத் தன்னைப் பார்ப்பதைக் கவனித்தாள்.”

அவள் வசனம் பேசவில்லை, திட்டமும் போடவில்லை. ஆனால் முதல் படியில் எழுதிய பட்டியல் வாசகருக்குத் தெரிந்திருப்பதால், அந்த 4 என்ற எண்ணுக்குள் மகனின் பள்ளி இடமும் தாயின் மாத்திரையும் உட்கார்ந்திருக்கின்றன.

படி 4: தகவலாளரை வில்லனாக்காதீர்கள்

ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்தவர்களில் கொள்கையை நம்பியவர்கள் இருந்தார்கள், பயந்தவர்கள் இருந்தார்கள், சின்னச் சலுகைக்காகச் செய்தவர்களும் இருந்தார்கள். தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்தவர் தன் கணவரே என்று கோப்பு திறந்த பிறகு அறிந்த செயற்பாட்டாளரும் உண்டு. எனவே தகவலாளரிடம் உண்மையான அன்பும் இருக்கட்டும். அவர் யாரென்பதைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைப்பது மலிவான உத்தி என்பது என் எண்ணம். வாசகருக்கு முன்பே தெரிந்து நாயகிக்குத் தெரியாமல் இருந்தால், அவர்கள் சேர்ந்து தேநீர் குடிக்கும் சாதாரணக் காட்சிகூட நடுங்கும்.

படி 5: கிளர்ச்சிக்காரர்கள் தங்களுக்குள் சண்டையிடட்டும்

1989 செப்டம்பரில் லைப்சிக் நகரில் கூடியவர்களில் ஒரு சாரார் “நாங்கள் வெளியேற வேண்டும்” என்றார்கள். மறு சாரார் “நாங்கள் இங்கேயே இருப்போம்” என்றார்கள். முன்னவர்கள் நாட்டைக் கைவிடுகிறார்கள் என்று பின்னவர்களும், பின்னவர்கள் ஏமாளிகள் என்று முன்னவர்களும் நினைத்தார்கள். ஒரே குரலில் பேசும் கிளர்ச்சிக் குழுவை எழுதினால், அதுவும் இன்னோர் ஆட்சிக்கட்சிபோல ஆகிவிடும்.

படி 6: கூட்டம் திரளும் நாளுக்குக் காரணங்களைக் கட்டுங்கள்

பெரும்பாலான கதைகள் இங்கேதான் சரிகின்றன. ஆகவே இதற்கு நேரம் கொடுங்கள். லைப்சிக்கின் நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் அமைதிப் பிரார்த்தனை நடந்துவந்தது. பல திங்கள்களில் கையளவு ஆள்கள்தான் வந்தார்கள். 1989 அக்டோபர் 2ஆம் தேதி ஏறத்தாழ 20,000 பேர் தெருவில் இறங்கினார்கள். 9ஆம் தேதி சுமார் 70,000. அடுத்த வாரம் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த ஏற்றம் தானாக வரவில்லை. ஹங்கேரி மேற்கு நோக்கிய தன் எல்லையைத் திறந்ததால் பல்லாயிரம் பேர் வெளியேறி, வேலையிடங்களிலும் பக்கத்து வீடுகளிலும் வெற்றிடம் கண்ணில் பட்டது. ஜூனில் பெய்ஜிங்கில் போராடியவர்களைச் சீன அரசு படுகொலை செய்ததைக் கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் ஆதரித்திருந்தது. தேவைப்பட்டால் ஆயுதம் ஏந்தவும் தயார் என்ற கடிதம் உள்ளூர் நாளிதழில் வந்திருந்தது. சுடுவார்கள் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டுதான் 9ஆம் தேதி மக்கள் வந்தார்கள்.

அன்று எதிர்ப்பாளர்களுக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று ஆளும் கட்சியே தன் உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கானவர்களை மதியமே அனுப்பித் தேவாலய இருக்கைகளை நிரப்பியது. இடம் பிடிக்க வந்தவர்கள் பிரார்த்தனையையும் கேட்க வேண்டியதாயிற்று. மெழுகுவர்த்தியைச் சுமக்க இரண்டு கைகளும் வேண்டும், ஒன்று பிடிக்க, மற்றது காற்றிலிருந்து சுடரைக் காக்க, ஆகவே கல்லெடுக்கக் கையில்லை என்று அத்தேவாலயப் போதகர் கிறிஸ்டியான் ஃபியூரர் பின்னர் விளக்கினார். வன்முறை வேண்டாம் என்ற வேண்டுகோள் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. அதை வெளியிட்ட ஆறு பேரில் இசை நடத்துநர் குர்ட் மசூருடன் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள் மூவரும் இருந்தார்கள். சுவரில் விரிசல் உள்ளிருந்தும் விழுகிறது என்பதை உங்கள் கதையிலும் காட்டுங்கள். ஊர்வலத்தை ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இருவர் படம் பிடித்தார்கள். மறுநாளே மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் அது வந்தது. கிழக்கில் பலரும் அதைத்தான் பார்த்தார்கள். உங்கள் நாட்டில் ஒரு தெருவின் செய்தி அடுத்த ஊருக்கு எப்படிப் போகிறது? இதற்குப் பதில் இல்லாமல் கூட்டத்தைக் கூட்டாதீர்கள்.

கூட்டம் திரண்டாலும் வெற்றி நிச்சயமில்லை. அதே நாட்டில் 1953 ஜூனில், அதே கூலிக்குச் செய்ய வேண்டிய வேலை அளவை 10 சதவீதம் உயர்த்தியதற்குக் கட்டடத் தொழிலாளர்கள் தொடங்கிய எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கின. உங்கள் முடிவு எதுவானாலும், அந்தப் பழைய தோல்வியை நினைவில் வைத்திருக்கும் முதியவர் ஒருவராவது கதையில் இருக்கட்டும்.

படி 7: கோப்பைத் திறங்கள்

ஆட்சி கவிழ்ந்த இரவோடு கதையை முடித்துவிட வேண்டாம். நம் பெண்ணுக்குச் சில ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய பதிவேடு பார்க்கக் கிடைக்கிறது. அவள் எழுதிய 430ஐ யாரோ கவனமாக 500 என்று திருத்தியிருக்கிறார்கள். எதிர் மேசைக்காரரின் கையெழுத்து. அவர்தான் அவளைப் பற்றி மாதந்தோறும் எழுதிக் கொடுத்தவர் என்பதை முந்தைய வாரம்தான் அவள் கோப்பில் படித்திருந்தாள். அவள் மகன் அந்த வருடம் தொழிற்பள்ளியில் சேர்ந்திருந்தான்.